முத்துராணி வீட்டுக்குப் போகவில்லை

பேட்டை தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், ஒரு வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் முத்துராணியின் கடை இருக்கிறது. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. சுத்தமல்லி, நடுக்கல்லூர், கோடகநல்லூர் என்று ஆற்றங்கரை ஊர்களில் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் புகைந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு இவளிடம் வருவார்கள்.

ஒரு காலத்தில் அது அவள் புருஷன் வன்னியராஜின் கடை. அவர் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு இருந்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு வந்து தன் வீட்டில் இருக்கும்படி அண்ணன் ஐயம்பெருமாள் சொன்னார். முத்துராணி பூட்டவில்லை. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி எடுத்துக் கொடுத்தே ஆறு வருஷத்தில் வேலை முழுவதையும் பார்த்து வைத்திருந்தாள். பொம்பளை கட்டின காயில் நிற்குமா என்று கேட்டவர்கள் முன்னால், முதல் மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி மூன்று மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் கடை ஓடியது. மகள் இசக்கிப்பிரியா பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் வருஷத்துக்கு வந்துவிட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. மழை விட்ட ஒரு நாள், சுத்தமல்லியில் செந்தூர்பாண்டியின் வாழைத்தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தாள். பம்ப் அறையைச் சுற்றி இடுப்பளவு புதர். அறைக்குப் பின்னால் போகிற வயரைத் தேடிப் புதருக்குள் உட்கார்ந்தும் குனிந்தும் அரை நாள் போயிற்று. வந்தவள் குளித்தாள், சாப்பிட்டாள், மறந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலைவலி என்றால் மண்டையைச் சுத்தியலால் தட்டுகிற தலைவலி. டவுனில் ஒரு சின்ன மருத்துவமனையில் டைபாய்டு என்றார்கள். நான்கு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தில் தட்டணு குறைகிறது, டெங்குவாக இருக்கும் என்றார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. ஒன்பதாம் நாள் அவள் கண் மஞ்சளாகிவிட்டது. வயிறு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மகளைப் பார்த்து, “ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணுட்டி” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள், இடுப்பு எலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மூன்றாம் நாள் மூத்த மருத்துவர் ஐயம்பெருமாளையும் இசக்கிப்பிரியாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அதைக் கொல்ல எதிர்ப்புச் செல்கள் கிளம்பும்; வேலை முடிந்ததும் அவை அடங்கிவிட வேண்டும். முத்துராணிக்கு அவை அடங்கவில்லை. இப்போது அவளுடைய சொந்த ரத்த அணுக்களையே தின்றுகொண்டிருக்கின்றன. ஈரலும் மண்ணீரலும் வீங்கிக் கிடக்கின்றன. பெரிட்டின் என்று ரத்தத்தில் ஒரு கணக்கு உண்டு. பெண்களுக்குச் சாதாரணமாக இருநூறுக்குள் இருக்கும். இவளுக்கு நாற்பத்திரண்டாயிரம். இந்த நிலைமையில் வருகிறவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்ற முடிவதில்லை. எது இதைத் தூண்டிவிட்டது என்று தெரிந்தால் நிலைமை மாறலாம். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

அவர் சொன்னதில் முன்பாதி மட்டும்தான் ஐயம்பெருமாள் காதில் ஏறியது. அவர் கெட்டவர் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய மனைவி குழாய்களுக்கு நடுவில், யாரும் பக்கத்தில் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். தங்கச்சிக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தார். சாயந்தரம் ஒரு வேன் பேசி வரவழைத்தார். மருத்துவர்கள் சொல்லியும் கேளாமல் நாங்களே கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் தாளை வாங்கினார். பிரியா அழுதுகொண்டே மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் கட்டிலில் சத்தம் கேட்டது. தள்ளுவண்டியில் ஏற்றுவதற்காகப் போர்வையைச் சுருட்டியபோது முத்துராணி கண்ணைத் திறந்திருந்தாள்.

“எங்கன கொண்டு போறிய?”

வீட்டுக்கு என்றார் ஐயம்பெருமாள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.  வீட்டுக்கு என்றால் என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணி போனதிலிருந்து இந்த மூன்று வருஷத்தில் தெருவில் எத்தனையோ பேரை அப்படிக் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்திருக்கிறாள்.

“நான் இன்னும் சாவலியே அண்ணே. யாரைக் கேட்டு வண்டி பிடிச்சிய?”

அந்த வார்டில் அன்றைக்குப் பணியில் இருந்தவள் தஸ்மியா. மேலப்பாளையத்துப் பெண், மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர். அவள் கட்டிலருகே வந்து நின்றாள். நோயாளிக்குத் தன்னினைவு இருந்தால் மற்றவர் கையெழுத்து செல்லாது என்று ஐயம்பெருமாளிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு முத்துராணியிடம் அவள் பேரைக் கேட்டாள், ஊரைக் கேட்டாள், இது என்ன மாதம் என்று கேட்டாள்.

“முத்துராணி. பேட்டை. கார்த்திகை பொறந்திருக்கும்,” என்றாள் அவள். மூச்சு வாங்கியது. “இது பெரியாஸ்பத்திரி. அந்தா நிக்கது எங்க அண்ணன். அவுக கையில இருக்க தாளை வாங்கிக் கிழிச்சிப் போடுங்க டாக்டரம்மா.”

தஸ்மியா தாளை வாங்கினாள். கிழிக்கவில்லை, அதன் பின்பக்கத்தில், நோயாளி சிகிச்சையைத் தொடர விரும்புகிறார் என்று எழுதி முத்துராணியிடமே கையெழுத்து வாங்கினாள். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. முழுப்பேரையும் எழுதி முடித்த பிறகுதான் அவள் பேனாவைக் கொடுத்தாள். கீழே காத்திருந்த வேன்காரர் அரை மணி நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள் என்று ஆனபிறகு தஸ்மியா முதலிலிருந்து தொடங்கினாள். திரையை இழுத்துவிட்டு, ஒரு நர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உச்சந்தலையிலிருந்து உடம்பு முழுவதையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு என்று வந்து, இடுப்பின் பின்பக்கத்தில் நின்றாள். பாவாடை நாடா இறுகுகிற வரியில் ஒரு கறுப்புப் பொருக்கு. பீடியால் சுட்டது மாதிரி வட்டமாக இருந்தது. சுற்றிலும் சிவப்பு.

இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். நாடா உரசின புண், வலியே இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை என்றாள் முத்துராணி. அதற்கு முந்தி பார்த்தவர்கள் யாரும் சேலையைத் தளர்த்திப் பார்க்கச் சொன்னதுமில்லை.

காய்ச்சலுக்கு முன்னால் புதர், காடு என்று எங்கேயாவது போனீர்களா என்று கேட்டாள் தஸ்மியா. சுத்தமல்லித் தோட்டத்துக்குப் போன கதை அப்போதுதான் வெளியே வந்தது.

ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருகிற காய்ச்சல். மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் புதிதில்லை. சோதனைக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மூத்த மருத்துவரிடம் சொல்லி அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் தொடங்கினார்கள். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாதாரண மருந்துதான். அடங்க மறுத்த எதிர்ப்புச் செல்களை அடக்க ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். இரண்டு நாள் அவளுக்கு மூச்சு முட்டியது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கட்டித் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் உடம்பு வேர்த்து, காய்ச்சல் இறங்கியது. பதின்மூன்று நாளில் முதல் முறையாகப் பசிக்கிறது என்றாள்.

எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும், தனக்கு வந்தது என்ன என்று தஸ்மியாவிடம் கேட்டாள். தஸ்மியா படம் வரைந்து சொன்னாள். கடைசிவரை கேட்டுவிட்டு, “ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆவமாட்டங்கு, அதான?” என்றாள் முத்துராணி. “ஆஃப் ஆவலன்னா மோட்டாரே எரிஞ்சிரும்.” தஸ்மியாவுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதுதான் என்றாள்.

“இதுல எம்புட்டுப் பேரு பொழைக்காவ?”

மறைக்காமல் சொன்னாள் தஸ்மியா. இந்த மாதிரிக் காரணம் பிடிபட்டு மருந்தும் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். ஆனால் மருந்தைக் குறைக்கும்போது திரும்பி வரலாம். காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக்கூடாது. பெரிட்டின் பார்க்க வேண்டும். இதைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். முத்துராணி அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

இருபத்தாறு நாள் கழித்து அவள் கடையைத் திறந்தபோது உள்ளே மோட்டார்கள் இல்லை. வேலைக்கு வந்த ஒன்பதையும் அண்ணன் அவரவருக்குப் போன் செய்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். அவள் பிழைக்க மாட்டாள் என்று நினைத்து, ஊராரின் மோட்டார் முடங்கிக் கிடக்க வேண்டாமே என்று செய்தது. காலியான தரையில் எண்ணெய் வட்டங்கள் மட்டும் இருந்தன. முத்துராணி அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஓர் ஆட்டோ பிடித்து ஊர் ஊராகப் போனாள்.

ஸ்டீராய்டால் முகம் ஊதி, ஆளே அடையாளம் தெரியாமல் இருந்தாள். பார்த்தவர்கள் பதறி, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். மோட்டாரைக் கொடுக்க யோசித்தார்கள்; செந்தூர்பாண்டியைப் போலச் சிலர் அதற்குள் டவுனில் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். செந்தூர்பாண்டி தன் தோட்டத்தில்தானே வந்தது என்று கண் கலங்கிவிட்டார்.

“நீ இனிமே சும்மா இருக்கப்பிடாதா தாயி?” என்று கேட்டார்.

“சும்மா இருக்கதுக்கா அம்புட்டு ஊசி போட்டுக்கிட்டு வந்தேன், அண்ணாச்சி? டவுன்ல கட்டின காயில் உங்களுக்கு எத்தன நாளைக்கு நிக்குன்னு பாப்போம். எரிஞ்சா என்கிட்ட வாங்க. ஆனா முதல்ல இந்தப் புதரை வெட்டுங்க.”

அவர் மறுநாளே ஆள் விட்டுப் புதரை வெட்டினார். பக்கத்துத் தோட்டக்காரருடைய மோட்டாரை அவரே வண்டியில் ஏற்றி அனுப்பி வைத்தார். ஒன்பதில் நான்கு திரும்பின.

தொடையில் பலம் போய்விட்டதால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பதினான்கு வருஷமாகத் தரையில் உட்கார்ந்தே வேலை பார்த்தவள், பக்கத்துப் பட்டறை பேச்சிராஜிடம் சொல்லி இடுப்புயரத்துக்கு ஓர் இரும்பு மேசை அடித்து வாங்கினாள். மேலே ஒரு செயின் கப்பியும் தொங்கவிட்டாள். மோட்டாரைத் தூக்க இனி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மேசை வந்த பிறகு முன்னைவிட வேலை வேகமாக நடக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். அது உண்மையா வீம்பா என்று மகளுக்குத் தெரியவில்லை.

மாசியில் ஸ்டீராய்டு அரை மாத்திரைக்கு வந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் காயிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது கை குளிர்ந்தது. தெர்மாமீட்டரில் நூற்றியொன்று. கம்பியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்த மருத்துவர் ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல்தான், மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

முத்துராணி எழவில்லை. உறையோடு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“போன தடவை ஒம்பது நாள் மாத்திரை தின்னுட்டேன் சார். இன்னைக்கு ரத்தம் பாக்க எழுதிக் குடுங்க. தப்பா இருந்தா எனக்கும் சந்தோசம், உங்களுக்கும் சந்தோசம்.”

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர் எரிச்சலோடுதான் எழுதிக் கொடுத்தார். சாயந்தரம் வந்த முடிவில் பெரிட்டின் ஒன்பதாயிரம் இருந்தது. அன்றைக்கே அவள் தனியாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

இந்த முறை கிருமி எதுவும் கிடைக்கவில்லை. கழுத்திலிருந்து அடிவயிறு வரை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி, பிறவியிலேயே மரபணுக் கோளாறு உண்டா என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து ஒன்றைச் சிறு அளவில் கொடுத்து அந்தச் செல்களைக் கட்டுப்படுத்த முடிவு செய்தார்கள். முடி கொட்டியது. தெருவில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று பேச்சு பரவியது. பிரியாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டார் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். அந்தப் பேச்சு முறிந்தது நல்லதுதான், பிள்ளை முதலில் படிப்பை முடிக்கட்டும் என்றாள் முத்துராணி. மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சிகிச்சை இல்லாத நாட்களில் கடைக்குப் போனாள்.

மருந்து கேட்காவிட்டால் வேறொருவருடைய மஜ்ஜையை மாற்றி வைக்க வேண்டியிருக்கும் என்றும், கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்த வாய்ப்பு உண்டு என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். முத்துராணி அண்ணனிடம் கேட்கவில்லை. பொங்கலுக்குக்கூட அவரோடு பேசியிருக்கவில்லை. பிரியா சொல்லித்தான் ஐயம்பெருமாளுக்குத் தெரிந்தது. அவர் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, சட்டைக் கையை மடக்கி ரத்தம் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் வந்து நின்றார்.

“பொருந்துனா எம்புட்டு வேணுமோ எடுத்துக்கிடச் சொல்லியிருக்கேன்” என்றார்.

“அன்னைக்கு வண்டி பிடிச்ச ஆளுதான நீங்க.”

“ஆமா. தப்புதான்.”

 உன் மதினியை நினைத்துக்கொண்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.  முத்துராணி நகர்ந்து அவர் உட்கார இடம் விட்டாள்.

அவருடைய மஜ்ஜை முழுக்கப் பொருந்தியது. ஆனால் தேவைப்படவில்லை. எட்டு வாரத்தில் பெரிட்டின் முந்நூறுக்கு வந்தது. ஆடி முடிவதற்குள் ஸ்டீராய்டும் நின்றது. முடி நரையும் கறுப்புமாகச் சுருண்டு முளைத்தது.

இரண்டு வருஷம் ஆகிறது. திரும்ப வரவில்லை. இனி வராது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று ஒரு தடவை கேட்டாள். முடியாது என்றாள் தஸ்மியா. நாள் ஆக ஆக நம்பிக்கை கூடும், அவ்வளவுதான் சொல்லலாம். சரி, நானும் கட்டின காயிலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பொறுப்பு எழுதிக் கொடுப்பதில்லை என்றாள் முத்துராணி.

போன பங்குனியில் தஸ்மியா போன் செய்தாள். மேலப்பாளையத்திலிருந்து ஷம்ஸியா என்று ஒரு பெண், முப்பத்தொரு வயது, இதே நோய். வீட்டார் கூட்டிக்கொண்டு போக நிற்கிறார்கள். இதிலிருந்து பிழைத்து வந்த ஒருவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முத்துராணி வார்னிஷ் கறையைத் துடைத்துக்கொண்டு போனாள். ஷம்ஸியாவின் புருஷன் சேக் முகம்மது வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் தன் கதையைச் சொன்னாள். பிறகு, “உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?” என்றாள். அவர் கேட்கவில்லை. உள்ளே போய்க் கேட்டார். ஷம்ஸியா இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

அவளுக்கு நோயைத் தூண்டியது நிணநீர்ப் புற்றுநோய். பத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள்.

அதைக் கேட்டு முத்துராணி இரண்டு நாள் கடை திறக்கவில்லை. தான் போய்ப் பேசியது அந்தக் குடும்பத்துக்கு நல்லதா கெட்டதா என்று அண்ணனிடம் கேட்டாள்.  பத்து நாள் கழித்து சேக் முகம்மது கடைக்கே வந்தார். குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் எழுந்து நின்றாள்.

“பதினஞ்சு நாளு பிள்ளைவகூடப் பேசிக்கிட்டிருந்தா” என்றார் அவர். “வீட்டுக்குக் கொண்டு போயிருந்தா அன்னைக்கு ராத்திரியே முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாவ. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

முத்துராணி அவரை உட்கார வைத்து டீ வரவழைத்தாள்.  அவர் போன பிறகு தஸ்மியாவுக்குப் போன் போட்டு, அடுத்து யாராவது இப்படிக் கிளம்பி நின்றால் எந்த நேரமானாலும் தன்னைக் கூப்பிடச் சொன்னாள். எல்லாரும் பிழைக்க மாட்டார்கள் என்று தஸ்மியா எச்சரித்தாள். அது எனக்கும் தெரியும், கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.